பழைய அட்டையில் பரிசுப் பெட்டி செய்வோம்



பெருநாள் முடிந்த மறுநாட் காலையில் உங்கள் வீட்டுச் சமையற்கட்டின் பின்புறத்தைச் சற்று நோக்குங்கள். காலை உணவுத் தானியம் வந்த பெட்டி, பற்பசை வந்த பெட்டி, பிஸ்கட் வந்த பெட்டி, மின்விசிறி வந்த பெரிய பெட்டி என அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து கிடக்கும். அவற்றைத் தட்டையாக மடித்துக் கட்டி வைப்போரும் உளர். அப்படியே எறிவோரும் உளர். அவ்வட்டைகளைக் கொண்டு, பலகாரம் வைத்துப் பிறர்க்கு அளிக்கத்தக்க பரிசுப் பெட்டிகளை நம் கையாலேயே செய்வது எப்படி என்பதை இப்பாடத்தில் காண்போம். கத்தரிக்கோலும் அளவுகோலும் மட்டும் இருந்தால் இது கைகூடிவிடும் என்றுதான் நாங்களும் முதலில் எண்ணினோம். எண்ணியது எவ்வாறு பிழையாயிற்று என்பதிலிருந்தே தொடங்குகின்றோம்.

2023ஆம் ஆண்டு தீபாவளித் திருநாள் நவம்பர் 12ஆம் நாள் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே எம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவரும் ஆசிரியரும் கூடி ஒரு முடிவு செய்தோம். பள்ளியைச் சூழ்ந்து வாழும் மலாய், சீன, தமிழ்க் குடும்பத்தினர், சிற்றுண்டிச் சாலை நடத்தும் அம்மையார், பேருந்து ஓட்டுநர், காவலர் தாத்தா ஆகியோர்க்கெல்லாம் நெய்யுருண்டை கொண்டு போய்க் கொடுப்பது என்பதே அம்முடிவு. கணக்கெடுத்துப் பார்த்தபோது 36 பெட்டிகள் தேவைப்பட்டன. நெகிழிப் பையில் கட்டிக் கொடுத்தால் நெய்யுருண்டை போய்ச் சேருமுன் பொடியாகிவிடும். கடையில் விற்கும் அலங்காரப் பெட்டிகளை வாங்க வகுப்பு உண்டியலில் பணம் இல்லை. ஆதலின் பெட்டிகளை நாமே செய்வோம் என்று துணிந்தோம்.

முதல் நாள் பாடத்தில், "நாம் குப்பையிலிருந்து பரிசு செய்யப் போகின்றோம்" என்று ஆசிரியர் கூறினார். வகுப்பு முழுவதும் கைதட்டி மகிழ்ந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும் கைதட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அதன் பொருள் அன்று எவர்க்கும் விளங்கவில்லை.

அவரவர் கொணர்ந்த அட்டைகளை வெட்டி, மூலைகளைக் கழித்து, ஓரங்களை மடித்து, வெள்ளைத்தாள் கீற்றுகளால் ஒட்டி 8 பெட்டிகளைச் செய்தோம். மேலே வண்ணத்தாள் ஒட்டியதும் அவை கண்ணுக்கு இனியவாய்த்தான் இருந்தன. திங்கட்கிழமைச் சபைகூடலில் முதற்பெட்டியைக் காவலர் தாத்தாவுக்கு அளிப்பது என்று ஏற்பாடு. இரு மாணவியர் பெட்டியை ஏந்திச் சென்றனர். தாத்தா இரு கைகளையும் நீட்டி வாங்கினார். வாங்கிய நொடியே பெட்டியின் சுவர்கள் நாற்புறமும் சரிந்தன. நெய்யுருண்டைகள் 16ம் திடல் முழுவதும் உருண்டோடின. சிறுவர்கள் சிரித்தனர். முந்தின நாள் முழுதும் தம் அன்னையரோடு அமர்ந்து உருட்டிய அவ்விரு மாணவியரும் அழுதுவிட்டனர். தாத்தாவோ குனிந்து, தமக்கு எட்டியவற்றைப் பொறுக்கித் தூசு ஊதி வாயிலிட்டு, "இனிப்புக் குறையவில்லை, அம்மா" என்றார். ஆயினும் மீதி 7 பெட்டிகளை எவரிடமும் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை, வழக்கம்போலப் பழைய தாள் வாங்கும் லோரி பள்ளிக்கு வந்தது. "சூராட் காபார் லாமா!" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு நம் வீதிகளில் வரும் லோரியை அறியாதார் யார்? அவர் கட்டுகளைத் தூக்கும்போது எங்கள் உடைந்த பெட்டிகளுள் ஒன்று கீழே விழுந்தது. அதை எடுத்தார், மடிப்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார், ஒட்டுப் பிரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பின்னர் எங்களை நோக்கி, "ஐயா, அட்டை நல்ல அட்டைதான். மடித்தவர்களுக்கு அதன் ஓட்டம் தெரியவில்லை" என்றார். அப்போது தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான் அந்தக் கடைசி வரிசை மாணவன். அவர் அவனுடைய தந்தையார். பதிவேட்டில் 'லோரி ஓட்டுநர்' என்று மட்டும் இருந்தது. லோரியில் எதை ஏற்றுகிறார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவன் சொன்னதுமில்லை. அவன் வீட்டில் சோறாகும் பொருளைத்தான் நாங்கள் குப்பை என்று சொல்லியிருந்தோம்.

அவரை வகுப்பறைக்கு வருமாறு வேண்டினோம். அரை மணி நேரம் இருந்தார். அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் கற்றவற்றையும், பின்னர் நூல்களில் பார்த்துத் தெளிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகின்றோம்.

தாள் என்பது தாவர நார்களின் பின்னல். நீரில் கரைந்த நார்க்கூழை ஓடும் வலையின் மீது பரப்பி, நீரை வடித்து, அழுத்தி, உலர்த்தினால் தாள் கிடைக்கும். வலை ஒரே திசையில் விரைந்து ஓடுவதால், நார்களுள் பெரும்பாலானவை அத்திசையிலேயே நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஆற்றில் மிதக்கும் வைக்கோல் நீரோட்டத்தின் வழியே திரும்பிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோலத்தான். இதைத்தான் அவர் 'ஓட்டம்' என்றார். ஓட்டத்திற்கு இணையாக மடித்தால் மடிப்பு நேராகவும் கூராகவும் விழும். ஓட்டத்திற்குக் குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து, மேற்பரப்பு வெடிக்கும். எங்கள் பெட்டிகளில் வெடித்த மடிப்புகள் யாவும் குறுக்கு மடிப்புகளே.

ஓட்டத்தை அறிவது எளிது. அட்டையை இரு கைகளிலும் பிடித்து மெல்ல வளையுங்கள். பிறகு கால் வட்டம் திருப்பிப் பிடித்து மீண்டும் வளையுங்கள். எந்தத் திசையில் எதிர்ப்பின்றி வளைகிறதோ, அந்த வளைவின் முதுகுக்கோடு ஓடும் திசையே ஓட்டம். ஐயம் இருப்பின் சிறு துண்டு ஒன்றை வெட்டி, ஒரு முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். துண்டு குழல்போலச் சுருளும். குழலின் நீளவாட்டமே ஓட்டம். நார்கள் ஈரத்தால் நீளத்தில் அதிகம் வளர்வதில்லை. பருமனில்தான் உப்புகின்றன என்பதே இதற்குக் காரணம். அந்தத் தந்தையாருக்கோ வளைத்தலும் வேண்டியதில்லை, நனைத்தலும் வேண்டியதில்லை. விரலால் தடவிச் சொன்னார். நாங்கள் 10 துண்டுகளைக் கொடுத்துச் சோதித்தோம். பத்தும் சரி. பதினோராவது துண்டை அவர் வாங்கவில்லை, மகனைக் காட்டினார். அவனும் தடவிப் பார்த்துச் சரியாகவே சொன்னான்.

அட்டைகளுள் இருவகை உண்டு என்பதையும் நாம் அறிதல் வேண்டும். மின்விசிறி வந்த பெரிய பெட்டியின் ஓரத்தைப் பாருங்கள். இரு தட்டைத் தாள்களுக்கிடையே அலை அலையாய் நெளிந்த தாள் ஒன்று இருக்கும். இதனை நெளியட்டை என்போம். இது முதன்முதலில் பெட்டிக்காகத் தோன்றியதன்று என்பது வியப்பான செய்தி. 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹீலி, எட்வர்ட் ஆலன் என்னும் இருவர், உயரமான தொப்பிகளுக்கு உட்புற விறைப்பாகவே நெளிதாளைச் செய்து காப்புரிமை பெற்றனர். 1871இல் நியூயார்க் நகரத்து ஆல்பர்ட் ஜோன்ஸ் கண்ணாடிப் புட்டிகளையும் விளக்குக் கூண்டுகளையும் உடையாமல் சுற்றுவதற்கு அதைப் பயன்படுத்தினார். நெளிவுகள் செங்குத்தாய் நிற்கும்படி வைத்தால் ஒவ்வொரு நெளிவும் ஒரு சிறு தூண்போல் நின்று பாரம் தாங்கும், படுக்கவைத்தால் நசுங்கிவிடும்.

மற்றொன்று, பற்பசைப் பெட்டியும் தானியப் பெட்டியும் செய்யும் மெல்லட்டை. ஒரு பக்கம் அச்சிட்டு மினுமினுப்பாகவும், மறுபக்கம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். சிறிய பரிசுப் பெட்டிக்கு இதுவே ஏற்றது. இப்பெட்டியின் பிறப்பும் ஒரு பிழையிலிருந்து வந்ததே. ஸ்காட்லாந்தில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் தொழில் நடத்திய இராபர்ட் கேர் என்பவரின் அச்சகத்தில், 1879ஆம் ஆண்டு விதைப் பைகள் அச்சிடப்பட்டன. பைகளில் மடிப்புத்தடம் பதிக்க வேண்டிய உலோகத் தகடு இடம் பெயர்ந்து மேலெழுந்ததால், தடம் பதிப்பதற்குப் பதில் பைகளை வெட்டிவிட்டது. வேறொருவராயின் அவற்றை எறிந்திருப்பார். அவரோ, ஒரே அழுத்தில் ஒரு தகடு வெட்டவும் இன்னொரு தகடு தடம் பதிக்கவும் செய்யலாமே என்று சிந்தித்தார். வெட்டும் தடமும் ஒருங்கே பெற்று, தட்டையாக அடுக்கி அனுப்பி, வேண்டும்போது விரித்துப் பெட்டியாக்கும் அட்டைகள் அவ்வாறே பிறந்தன.

எல்லா அட்டையும் உதவாது. எண்ணெய்க் கறை படிந்ததை ஆலைகள் ஏற்பதில்லை என்றார் அவர். பழைய தாளை நீரில் ஊறவைத்துத்தான் மீண்டும் கூழாக்குகின்றனர். எண்ணெய் நீரோடு சேராது நாரைப் பற்றிக்கொள்ளும். பானம் அடைத்து வரும் பெட்டிகளும் வேறு இனம். அவற்றில் தாள், பாலித்தீன், சிலவற்றில் அலுமினியம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டியிருக்கும். நல்ல அட்டையும் எண்ணற்ற பிறவி எடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிக்கொண்டே வரும். ஏறத்தாழ 5 முதல் 7 முறைக்குப் பிறகு அது தாளில் நில்லாது நீரோடு போய்விடும். நம் கையிலுள்ள தானியப் பெட்டி முன்பு செய்தித்தாளாக இருந்திருக்கலாம். அதற்கு முன் ஒரு பாடப்புத்தகமாகவும் இருந்திருக்கலாம். சீன நாட்டு ஹான் அரசவை அதிகாரி சாய் லுன், கி.பி. 105இல் தாள் செய்யும் முறையை மன்னர்க்கு அறிவித்தார் என்பது வரலாறு. அதற்கு அவர் எடுத்த பொருள்களுள் மரப்பட்டையோடு கந்தல் துணியும் பழைய மீன்வலையும் இருந்தன. தாளின் தொடக்கமே பிறர் கழித்த பொருள்தான்! அதன்பின் எங்கள் வகுப்பில் 'குப்பை' என்ற சொல் இப்பாடத்தில் வழங்கப்படவில்லை.

இனி, பெட்டியின் கணக்கைப் பார்ப்போம். இதில் நாங்கள் பெரிதும் மகிழ்ந்தோம்.

பெரிய தானியப் பெட்டி ஒன்றை ஒட்டுப் பிரித்து விரித்தால், முன்முகத்திலிருந்து 18 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றும், பின்முகத்திலிருந்து அதேயளவு சதுரம் இன்னொன்றும் கிடைக்கும். ஒன்று பெட்டிக்கு, மற்றது மூடிக்கு. ஆக, ஒரு தானியப் பெட்டி ஒரு பரிசுப் பெட்டியாகின்றது. சுவரை எவ்வளவு உயரம் வைப்பது? உயரமான பெட்டியே அதிகம் கொள்ளும் என்று வகுப்பில் பாதிப்பேர் வாதிட்டனர். எனவே கணக்கிட்டோம். சுவர் 1 செ.மீ. எனில் அடி 16 செ.மீ. சதுரம், கொள்ளளவு 256 கன செ.மீ. சுவர் 2 எனில் 14 × 14 × 2 = 392. சுவர் 3 எனில் 12 × 12 × 3 = 432. சுவர் 4 எனில் 10 × 10 × 4 = 400. அதன்பின் இறங்குமுகமே: 5 செ.மீ. சுவருக்கு 320, 6 செ.மீ. சுவருக்கு 216.

அட்டை ஒன்றே, 6 செ.மீ. உயரக் கனசதுரப் பெட்டியைவிட, தாழ்வான 3 செ.மீ. பெட்டி சரியாக இரு மடங்கு கொள்ளுகின்றது! கணக்கை நம்பாதவர் இருந்தனர். உயரப் பெட்டியில் பச்சைப்பயற்றைத் தலைதட்டி நிரப்பித் தாழ்ந்த பெட்டியில் கொட்டினோம். பாதிதான் நிரம்பிற்று. இரண்டாம் முறை கொட்டியபோது விளிம்பு மட்டம் வந்து நின்றது. சதுர அட்டையின் பக்கத்தில் ஆறில் ஒரு பங்கைச் சுவராக வைத்தால் கொள்ளளவு மிகப் பெரிதாகும். நீங்கள் 24 செ.மீ. சதுரம் எடுத்தால் சுவர் 4 செ.மீ. என வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். எங்கள் 12 செ.மீ. அடியில், 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த குறுக்களவுள்ள நெய்யுருண்டை வரிசைக்கு 4 வீதம் 16 அமர்ந்தன. 36 பெட்டிகளுக்கு 576. அன்னையர் 600 உருட்டியனுப்பினர்; மீந்த 24 எங்கே போயின என்பதை இவ்விடத்தில் ஆராய வேண்டா.

செய்முறைக்கு வருவோம். அட்டையின் சாம்பல் நிற முகத்தில் முதலில் ஓட்டத்தை அம்புக்குறியால் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் 72 சதுரங்களுக்கும் அம்புக்குறி இட்டவன் அந்த மாணவனே. பிறர் குறித்ததை அவன் இருமுறை திருத்தினான். அவன் குறித்ததை எவரும் திருத்த நேரவில்லை. பின்னர் நான்கு ஓரங்களிலிருந்தும் 3 செ.மீ. தள்ளி நான்கு கோடுகள் இழுங்கள். நடுவில் 12 செ.மீ. சதுரமும், நான்கு மூலைகளில் சிறு சதுரங்களும் தோன்றும்.

இப்பொழுது, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவை எடுத்து, அளவுகோலை அணைத்து வைத்துக் கோட்டின் மேல் அழுத்தித் தடம் பதியுங்கள். ஓட்டத்திற்கு இணையான இரு கோடுகளுக்கு இரண்டு முறை போதும். குறுக்கான இரு கோடுகளுக்கு நான்கு முறை அழுத்தமாகப் பதித்தல் வேண்டும். சதுரப் பெட்டியில் எப்படித் திருப்பினாலும் இரு மடிப்புகள் குறுக்கேதான் வரும். அவற்றைத் தவிர்க்க இயலாது. தடம் ஆழமாக இருந்தால் நார்கள் முறிவதற்குப் பதில் வளைந்து கொடுக்கும். கத்தியால் பாதி கீறி மடிக்கும் வழக்கமும் உண்டு. அதைச் சிறுவர்க்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கை அறுபடும் என்பது ஒன்று, கீறிய மடிப்பு நாளடைவில் கிழியும் என்பது மற்றொன்று.

மூலைச் சதுரங்களை வெட்டி எறியாதீர்கள். முதல் 8 பெட்டிகளில் நாங்கள் செய்த பெரும்பிழை அதுவே. ஒவ்வொரு மூலைச் சதுரத்திலும் ஒரு கோட்டை மட்டும் வெட்டி, மற்றக் கோட்டை மடிப்பாக விடுங்கள். அச்சதுரம் ஒரு காதுபோல் ஆகிவிடும். அதை உட்புறமாய் மடித்து அடுத்த சுவரோடு ஒட்டினால் மூலை இரட்டை அட்டையாகி உறுதி பெறும். வெட்டும்போது கோடுகள் சந்திக்கும் புள்ளியோடு கத்தரிக்கோலை நிறுத்துங்கள். மயிரிழை தாண்டினாலும் அடி மூலையில் துளை விழும். நெய் கசியும், எறும்புக்கு வாசல் திறந்ததாகும்.

ஒட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. அட்டையின் மினுமினுப்பான முகத்தில் மெருகு பூசப்பட்டுள்ளது. நீர்ப்பசை அதில் பிடிக்காது, உலர்ந்ததும் உரிந்துவிடும். காவலர் தாத்தாவின் கையில் நடந்தது இதுதான். அப்படியானால் சாம்பல் முகத்தோடு சாம்பல் முகத்தை ஒட்டலாமே என்பீர்கள். செய்து பாருங்கள்: உட்புறம் மடித்த காதின் வெளிமுகமும் சுவரின் உள்முகமுமே ஒன்றையொன்று தொடும். பெட்டியை எப்படித் திருப்பி மடித்தாலும் ஒரு மினுமினுப்பு முகம் வந்தே தீரும். ஆதலின், பசை தடவும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் மெருகு போகும்வரை தேய்த்துவிடுங்கள். அதன்பின் பசை நாரைப் பற்றிக்கொள்ளும்.

பசையை வாங்கவும் வேண்டியதில்லை. மரவள்ளி மாவு 3 மேசைக்கரண்டி எடுத்து, ஒரு கோப்பை நீரில் சிறிதளவை ஊற்றிக் கட்டியின்றிக் கரையுங்கள். மீதி நீரைப் பெரியவர் ஒருவரைக் கொண்டு கொதிக்கவைத்து, கரைசலை அதில் ஊற்றி, வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறச் செய்யுங்கள். ஆறியபின் தடவலாம். நூல் கட்டுவோர் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, உண்பொருள் வைக்கும் பெட்டிக்கு அது கூடவே கூடாது. ஆகையால் பசையை அன்றன்றைக்கு வேண்டிய அளவே காய்ச்சுதல் நன்று. மெல்லிதாய்த் தடவி, மூலைக்கு ஒன்றாகத் துணிக் கவ்வி மாட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். எங்கள் வகுப்பறையின் சன்னலோரத்தில் 144 துணிக் கவ்விகள் வரிசையாய் நின்ற காட்சியைக் கண்டு தலைமையாசிரியரே வந்து எட்டிப் பார்த்தார். அந்த வாரம் பல வீடுகளில் துணி காயப்போடக் கவ்வி இல்லை என்று முறையீடு எழுந்தது. மழைக்காலமாகையால் சில பெட்டிகள் உலர இரண்டு நாள் பிடித்தன.

மூடிக்கும் இதே முறைதான். அளவு மட்டும் வேறு. முதலில் மூடிக்கும் 3 செ.மீ. கோடே போட்டோம். பெட்டியும் 12, மூடியும் 12 ஆனால் ஒன்றுக்குள் ஒன்று எப்படி நுழையும்? மூலையில் அட்டை இரட்டிப்பதையும் கருதி மூடியின் அடி 12.4 செ.மீ. இருக்க வேண்டும். 18 செ.மீ. சதுரத்தில் ஓரத்திலிருந்து 2.8 செ.மீ. தள்ளிக் கோடிட்டால் 18 − 5.6 = 12.4 வந்துவிடும். அளவுகோலில் உள்ள அந்தச் சிறு மில்லிமீட்டர்க் கோடுகள் எதற்கு என்று கேட்கும் மாணவர்க்கு அன்று விடை கிடைத்தது.

பெட்டி ஆயிற்று. உடனே பலகாரத்தை வைத்துவிடலாகாது. மறுபயன் அட்டையில் பழைய செய்தித்தாள்களின் அச்சுமையிலுள்ள கனிம எண்ணெய்கள் தங்கியிருக்கக் கூடும். அவை உணவில் மெல்லப் படியும் இயல்புடையன. நெய்ப்பண்டம் அவற்றை எளிதில் ஏற்கும். எனவே, உணவுக்கென்றே விற்கப்படும் எண்ணெய் ஊறாத தாளை உள்ளே விரித்தல் வேண்டும். நாசி லெமாக் பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள். வெளியே செய்தித்தாள் இருந்தாலும் சோற்றைத் தொடுவது வாழையிலையன்றோ? நாங்களும் முதலில் வாழையிலையையே எண்ணினோம். ஆனால் இலையின் ஈரத்தால் அட்டை ஒரே நாளில் தொய்ந்தது, விட்டுவிட்டோம்.

அலங்காரத்தை அவரவர் விருப்பத்திற்கே விட்டோம். சிலர் மூடியில் வெண்ணிற வண்ணத்தால் புள்ளிக் கோலம் இட்டனர். சிலர் கிழிந்த சேலையின் கரையை வெட்டிச் சுற்றினர். பழைய நாள்காட்டித் தாள் வழவழப்பாக அழகாகத்தான் இருக்கும். ஆயினும் தெய்வத் திருவுருவம் அச்சிட்ட தாளை ஒட்டினால், பெட்டி கிழிந்தபின் அது யார் காலடியிலேனும் கிடக்குமே என்று ஒரு மாணவி கூறினாள். சரியென்று பட்டது. தேதியெண்கள் உள்ள தாளையே பயன்படுத்தினோம். 12ஆம் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மூடியின் நடுவே வரும்படி ஒட்டிய ஒருவனின் பெட்டியே எல்லாவற்றிலும் அழகியது என்பது எங்கள் கருத்து. பளபளக்கும் தூள் தூவ வேண்டாம் என்று மட்டும் தடுத்தோம். அதில் பெரும்பாலானவை நெகிழித் துகள். கட்டுவதற்குக் காய்ந்த வாழைநார்.

36 பெட்டிகளையும் சுமந்து செல்ல ஒரு நெளியட்டைப் பெட்டி வேண்டியிருந்தது. 40 செ.மீ. சதுர அடியில் வரிசைக்கு 3 வீதம் 9. நான்கு அடுக்கில் 36 அடங்கிவிட்டன. அந்தப் பெட்டியைத் தேர்ந்து கொடுத்தவர் லோரித் தந்தையார். நெளிவுகள் செங்குத்தாய் இருக்கின்றனவா என்று அவர் பார்க்குமுன்பே அவர் மகன் பார்த்துவிட்டான்.

திருநாளுக்கு முன் வந்த வெள்ளிக்கிழமை பெட்டிகளைக் கொண்டு சென்றோம். முதற்பெட்டி இம்முறையும் காவலர் தாத்தாவுக்கே. அவர் ஒரு கையைப் பெட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் வாங்கினார். அவரைக் குறை கூற முடியாது. பெட்டி நின்றது. மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்து, "பதினாறும் இருக்கின்றன" என்றார்.

வெட்டி மீந்த துண்டுகளை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தோம். அடுத்த சனிக்கிழமை லோரி வந்தபோது அக்கட்டை அந்த மாணவனே தூக்கிச் சென்று தந்தையின் தராசில் வைத்தான். தோழர் அனைவரும் பார்த்திருக்க, எடையை உரக்கப் படித்தான். தந்தையார் அதற்குரிய காசை எண்ணி வகுப்பு உண்டியலில் போட்டார். வேண்டா என்று தடுத்தோம்; அவர் இசையவில்லை.

இந்நாட்டில் அண்டை வீட்டார் பலகாரம் அனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்பதை அறிவீர்கள். பாத்திரத்துக்கு உள்ள அவ்வழக்கம் அட்டைப் பெட்டிக்கும் உண்டென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நோன்புப் பெருநாள் கழிந்து பள்ளி திறந்தபோது, எதிர்வீட்டு மக்சிக் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். கையில் நாங்கள் கொடுத்த பெட்டி. வாழைநார் கூட அதே முடிச்சு. உள்ளே குவே பங்கிட். மரவள்ளி மாவில் செய்தது என்றார் அவர். எங்கள் பசையும் அதே மாவில் காய்ச்சியதுதான் என்றோம், வெகுநேரம் சிரித்தார். ஐந்து மாதம் கழித்தும் அட்டைச் சுவர்கள் நிமிர்ந்தே இருந்தன. ஒரு மூலையில் மட்டும் காது சற்றே பிரிந்திருந்தது. இப்போது ஆறாம் ஆண்டில் பயிலும் அந்த மாணவன் அவ்விடத்தை உப்புத்தாளால் இருமுறை தேய்த்து, பசை தடவி, துணிக் கவ்வி மாட்டிச் சன்னலோரத்தில் வைத்துவிட்டுப் பாடத்துக்குச் சென்றான்.